இயல்பு நட்டம்

டேமேஜ் இருக்கும் இடத்தில்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட கக்கம்.
ஒரு நாளைக்கு எழுநூறு பீஸ் என் கைக்கு வரும்.
அந்த ஸ்டிக்கரில் ஒரு வரிசை
பர்ஸுக்குள் மடித்து எடுத்து வருவேன்,
புரியாத வரிக்கு நேராக ஒட்ட.
அடக்கவிலைக் கணக்கியல்,
மூன்றாம் அலகு முழுக்கச் சிவப்பு.

ஒண்ணரை ஷிப்டு முடிந்து
ஊத்துக்குளி ரோட்டில் பஸ் இறங்கினால் ஒன்பதரை.
சென்னியப்பன் சோறு வடித்திருப்பார்.
புளித்தண்ணியைச் சுட வைத்து
அதற்கு ரசம் என்று பேரும் வைத்திருப்பார்.
கவினுக்கும் எனக்கும் ஒரே லைட்டு, ஒரே கட்டில்.
அவன் எட்டாவது. நான் பி.காம். மூன்றாம் வருசம்.
"பாஸாவியா, மாட்டியா?" என்று கேட்கிறான்,
நான் அவனைக் கேட்கும் அதே குரலில்.

பத்தாவது முடித்த மாதமே கைமடிக்கப் போனவள்.
பன்னிரண்டாவதை எழுதியது முப்பத்திரண்டு வயதில்.
"கரஸ்ல படிச்சு என்னங்க ஆகப்போகுது?"
பக்கத்து லைன்வீட்டில் கேட்டார்கள்.
தெரியலைங்க என்றேன்.
நிஜமாகவே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை, லீவு வேண்டும் என்று நின்றேன்.
பினிஷிங் சூப்பர்வைசர் நாச்சிமுத்து
செல்போனிலிருந்து தலை எடுக்கவில்லை.
"ஏம்மா ஆறாம் டேபிள்,
திங்கக்கிழமை கண்டெய்னரு.
எழுதிப் போட்டு கலெக்டரா ஆகப்போறே?"
சொல்லிவிட்டு, ஏனோ,
உடனே கையெழுத்துப் போட்டார்.

பல்லடம் ரோட்டுக் கல்லூரி.
காக்கி பேண்ட்டோடு வந்துவிட்ட கண்டக்டர்.
வாசலில் தங்கச்சி கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டு
முந்தானையைச் சரிசெய்துகொண்டே ஓடி வந்தவள்.
காங்கயத்து அரிசி ஆலைக் கணக்கர்,
வழுக்கை முழுக்கத் திருநீறு.
எங்கள் எல்லாரையும் சார், மேடம் என்று கூப்பிட்டுத்
தாள் கொடுத்த பையனுக்கு மீசை அரும்பு.

முன்பெஞ்சில் ஒரு முதுகு.
எங்கள் கம்பெனி டீ சர்ட்,
ஏற்றுமதிக்குப் போகாத செகண்ட்ஸ்.
வலது தோளில் ஊசி ஓட்டை.
எப்போதோ நானே அம்பு ஒட்டிக் கழித்ததாக இருக்கும்.
பேனா விழுந்து எடுக்கத் திரும்பினார்.
நாச்சிமுத்து.
அரியர். அதே பேப்பர்.
இருவருமே
கேள்வித்தாளை அவசரமாகப் படித்தோம்.

ஏழாவது கேள்வி:
இயல்பு நட்டம், இயல்பற்ற நட்டம், வேறுபடுத்துக.
நான் அம்பு ஒட்டி வைத்திருந்த இடம்.
புத்தக வரி ஞாபகம் வரவில்லை,
கட்டிங் மாஸ்டரின் மேசை வந்தது.
நூறு கிலோ துணி வெட்டினால்
பன்னிரண்டு கிலோ துண்டு துக்காணியாய்ப் போகும்,
அது தெரிந்தே போவது, பீஸ் விலையில் ஏறிவிடும்.
சாயம் மாறி ஒரு லாட்டே போனால்
அது தனிக்கணக்கு,
எங்கே போனது என்று எழுதிக் காட்ட வேண்டும்.
எழுதிவிட்டு நின்றேன்.
பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவே
போன பதினாறு வருசம்
எந்தப் பக்கம் சேரும்?
அடிஷனல் ஷீட் கேட்டு வாங்கினேன்.
அதைப் பற்றி ஒன்றும் எழுதாமல்
நூல் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை. கேட்டில் கண்டெய்னர் நிற்கிறது.
நாச்சிமுத்து என் டேபிளுக்கு வந்து
ஒன்றுமில்லாத ஒரு பீஸை எடுத்து
டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார்.
"ஏனுங்க," என்றார். ஏம்மா இல்லை.
"ஏழாவதுக்கு என்னங்க எழுதுனீங்க?"
சொன்னேன், கிலோக் கணக்கோடு.
"பன்னண்டா? நான் எட்டுன்னு போட்டுட்டனுங்களே."

பேச்சில் மூன்று பீஸ் பார்க்காமலே நகர்ந்துவிட்டன.
இருவரும் எடுத்து விரித்துப் பார்த்தோம்.
ஒன்றில் இருந்தது, கழுத்துப் பட்டிக்குக் கீழே.
அம்பை அவரே ஒட்டினார்.
ஸ்டிக்கர் தாளில் வரிசை வரிசையாகக் காலி.
பார்த்தார்.
எண்ணவில்லை.